பெயரும் பவரும் ஒரே வரியில்

பார்வை நலத் துறையில் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவளுக்கு ‘மூணு வரி’ என்று பெயர் விழுந்துவிட்டது. அதற்குக் காரணம் வேறு யாருமில்லை, அவள் வாய்தான்.

துறையின் வேலை இது. இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர் உள்ளவர்களுக்கு இலவசக் கண்ணாடி கொடுக்க வேண்டும். இரண்டு கண்ணுக்கும் வேறு வேறு பவர் உள்ளவர்கள் வேறொரு திட்டத்தின் கீழ் வருவார்கள். அந்தத் திட்டம் இன்னும் வரவில்லை. முதல் தவணையில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் பதிவு செய்து, கண்ணைக் காட்டி, சோதனையும் முடித்துவிட்டுப் போயிருந்தார்கள். அவர்களின் பெயர்கள் இரண்டாம் மாடியில் பெயர்ப் பிரிவில் இருந்தன. பவர்கள் மூன்றாம் மாடியில் எண் பிரிவில் இருந்தன. இரண்டையும் சேர்த்து ஆளுக்கு ஒரு வரி எழுத வேண்டும்: டோக்கன் எண், பெயர், பவர். அதில் ஒரு நகல் கண்ணாடிப் பட்டறைக்குப் போகும், ஒரு நகல் ஆளுக்குப் போகும். சோதனை முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. இந்த எட்டு மாதத்தில் அந்த இரண்டு பட்டியலும் படிக்கட்டில்கூட ஒன்றையொன்று பார்த்துக்கொண்டதில்லை.

“எவ்வளவு நாள் ஆகும்மா?” என்று இயக்குநர் கேட்டார்.

“பைத்தான்னு ஒரு கம்ப்யூட்டர் மொழி, அதுல எழுதினா மூணு வரி சார். அஞ்சு நிமிஷம் போதும்.”

அறையில் இருந்தவர்கள் யாரோ இறந்துபோன செய்தியைக் கேட்டதுபோல் தலையைக் குனிந்துகொண்டார்கள். இயக்குநர் மட்டும் பொறுமையாகச் சிரித்தார்.

“இந்த ஆபீஸ்ல அஞ்சு நிமிஷத்து வேலைன்னா அது டீ குடிக்கறது ஒண்ணுதான். அதுக்கே நாங்க முக்கால் மணி நேரம் எடுத்துக்கறோம். அவசரப்படாதீங்க.”

அவசரப்பட அவளுக்கு ஒரு காரணம் இருந்தது. அந்த இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் கடைசி ஆள் அவள் கணவர். பஸ் டிரைவர். டிப்போவில் நடந்த கண் சோதனையில் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டதற்கு, “எந்தப் பலகை?” என்று திருப்பிக் கேட்டவர். கண்ணாடியோடு வந்தால்தான் ஸ்டியரிங், அதுவரை பஸ் கழுவு என்று சொல்லிவிட்டார்கள். நம்பர் தெரியாமல் அவர் ஒரே பஸ்ஸை ஒரே நாளில் மூன்று தடவை கழுவினார். வீட்டில் கதவுக்குப் பின்னால் தொங்கிய மழைக்கோட்டைப் பார்த்து, “வாங்க அத்தை, எப்ப வந்தீங்க?” என்று எழுந்து நின்றார். நிஜமாகவே அத்தை வந்து நின்ற நாளில் அவர்மேல் தன் தொப்பியை மாட்டப் போனார். அத்தை இன்றுவரை அதை மறக்கவில்லை.

ஆகவே அவள் அன்றைக்கே கம்ப்யூட்டரைத் திறந்து, இரண்டு பிரிவின் தலைவர்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மாதிரிக்கு ஒரு பெயரையும் ஒரு பவரையும் கூட்டல் குறி போட்டுச் சேர்த்துக் காட்டினாள். அங்கேதான் தப்பு செய்தாள். திரையில் சிவப்பாகப் பிழை வந்து நின்றது.

“என்னம்மா சொல்லுது?” என்று கேட்டார் பெயர்ப் பிரிவுத் தலைவர். யாரைப் பார்த்தாலும் முதலில் இனிஷியலைக் கேட்பதால் அவருக்கு ‘இனிஷியல்’ என்று பெயர்.

“ஒண்ணுமில்ல சார். எழுத்தையும் எண்ணையும் அப்படியே சேர்க்க முடியாதுன்னு சொல்லுது.”

இனிஷியல் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். எண் பிரிவுத் தலைவர் எழுந்தே நின்றுவிட்டார். எல்லாரும் அவரை ‘தசமம்’ என்பார்கள். பதினோரு வருடமாக ஒருவரோடு ஒருவர் பேசாத அந்த இருவரும் அன்று முதல்முறையாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

“இதைத்தானே நான் பதினோரு வருஷமா சொல்லிட்டு வர்றேன்” என்றார் தசமம். “மெஷினுக்கே தெரிஞ்சிருக்கு.”

“நானும் அதையேதான் சொன்னேன்” என்றார் இனிஷியல். “என் பெயர்கள் பக்கத்துல கண்ட எண்ணையும் உட்கார வைக்க முடியாது.”

அவள் அவசரமாக, “அது பெரிய விஷயமில்ல சார். எண்ணை எழுத்தா மாத்திட்டா சேர்ந்துடும்” என்றாள்.

தசமத்தின் முகம் சுருங்கியது. “மாத்திட்டா அப்புறம் அதைக் கூட்ட முடியுமா?”

“முடியாது சார்.”

“கழிக்க?”

“முடியாது. ஆனா இங்க யாரும் கூட்டிக் கழிக்கப் போறதில்லையே சார்.”

“அப்ப அது எண்ணா செத்துப்போச்சு. எழுத்தா உலாவுது. அதுதானே நீங்க சொல்றது?”

அசல் எண் பட்டியலில் அப்படியே இருக்கும், அதன் உருவம் மட்டும்தான் வரிக்குள் எழுத்தாகப் போகும் என்று அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். “அப்படித்தான் எல்லாரும் சொல்லுவாங்க” என்று தசமம் மாடியேறிப் போய்விட்டார்.

மறுநாள் ‘இணைப்புக் குழு’ அமைக்கப்பட்டது. எழுத்தாக மாறும் ஒவ்வொரு எண்ணுக்கும் தனித்தனியாக உருமாற்றச் சான்றிதழ் தர வேண்டும் என்று குழு தீர்மானித்தது. இரண்டு முத்திரை, மூன்று கையெழுத்து. ‘மாற்றத்துக்கு எண் சம்மதித்ததா?’ என்று ஒரு கட்டமும் இருந்தது. அதில் என்ன எழுதுவது என்று அவள் கேட்டாள். எண் மறுப்பு எதுவும் சொல்லாவிட்டால் சம்மதம் என்று எழுதலாம் என்று பதில் வந்தது. அவள் இருநூற்றுப் பன்னிரண்டு தடவை ‘மறுப்பு இல்லை’ என்று எழுதினாள். நாலரை வாரம் ஆனது.

அதோடு விட்டார்களா என்றால், இல்லை. எண்களாகப் பணிபுரிந்தவை ஓய்வு பெறுவதால் பணி நிறைவு விழா எடுக்க வேண்டும் என்று தசமம் மனுக் கொடுத்தார். மூன்றாம் மாடி அரங்கில் விழா நடந்தது. பவர்களைப் பெரிய தாளில் அச்சிட்டு மேடை நாற்காலிகளில் சாய்த்து வைத்திருந்தார்கள். எல்லாருக்கும் டீயும் பிஸ்கட்டும் உண்டு. மேடையில் இருந்தவற்றுக்கு பிஸ்கட் மட்டும்.

தசமம் எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இந்த மைனஸ் ஒன்று புள்ளி ஏழு ஐந்து என் பிரிவுக்கு வந்த நாளிலிருந்து ஒருநாள்கூட லீவு கேட்டதில்லை. யாரைப் பற்றியும் புறம் பேசியதில்லை. ஒன்பது மாதம் ஒரே அலமாரியில் இருந்தது. எங்கே போகணும்னு ஒரு வார்த்தை கேட்டதில்லை. இப்படி ஒரு ஊழியரை நான் என் பிரிவில் வேறு பார்த்ததில்லை. ஏன், நானே அப்படி இல்லை.”

கைதட்டல் அடங்கச் சற்று நேரம் ஆனது. அவள் பின்வரிசையில் உட்கார்ந்து மைனஸ் இரண்டு புள்ளி ஐந்தைத் தேடினாள். அவள் கணவரின் பவர். யாரோ அதைத் தலைகீழாக வைத்திருந்தார்கள்.

அடுத்து வந்தது காற்புள்ளி. வரியில் மூன்று விஷயம் இருக்கிறது, மூன்றையும் காற்புள்ளி போட்டுச் சேர்ப்பேன் என்று அவள் குறிப்பில் எழுதியிருந்தாள். காற்புள்ளி பெயருமில்லை, எண்ணுமில்லை என்று இரண்டு பிரிவும் கைகழுவியதால் அது ஸ்டோருக்குப் போனது. ஸ்டோர்க்காரர் நல்ல மனிதர். மூன்று விஷயத்துக்கு மூன்று காற்புள்ளி என்று ஆளுக்கு மூன்றாகவே அனுமதி வாங்கித் தந்துவிட்டார்.

“ரெண்டு போதும்ண்ணே. நடுவுலதானே வரும். கடைசிக்குப் பின்னாடி வராது” என்றாள் அவள்.

“அப்ப மூணாவதை நான் என்ன பண்றது? வந்த சரக்கைத் திருப்பி அனுப்பினா, எதுக்கு வாங்கினேன்னு கேப்பாங்க. பயன்படுத்திடுங்கம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

இப்படியாக எல்லா வரியும் காற்புள்ளியில் முடிந்தது. மேற்கொண்டு ஏதோ சொல்ல வந்து மறந்துபோனதுபோல் இருந்தது. யாரும் கவலைப்படவில்லை.

இயக்குநர் கவலைப்பட்டது புள்ளிக்குப் பின்னால் வரும் இலக்கங்களைப் பற்றி. “இதென்ன, ரெண்டு புள்ளி அஞ்சு பூஜ்யம், மூணு புள்ளி அஞ்சு பூஜ்யம்னு? ஒரு கடிதம்னா பார்க்க லட்சணமா இருக்க வேண்டாமா? முழு எண்ணாப் போட்டுடுங்க.”

“அப்படிப் போட்டா பவர் மாறிடும் சார். இங்க பாருங்க, ரெண்டரையை இது ரெண்டாக்கிடுது. மூணரையை நாலாக்கிடுது. சரிபாதியில இருந்தா பக்கத்துல இருக்கிற இரட்டைப்படை எண்ணுக்குப் போயிடும்.”

இயக்குநர் யோசித்தார். “ஒருத்தருக்கு அரை குறையுது. ஒருத்தருக்கு அரை கூடுது. மொத்தத்துல சரியாயிடுச்சே.”

அவளைக் காப்பாற்றியது பட்டியலில் இருந்த ஒரு மைனஸ் கால். முழு எண்ணாக மாற்றச் சொன்னதும் பைத்தான் அதை ‘மைனஸ் பூஜ்யம்’ என்று எழுதிவிட்டது. அச்சான தாளைப் பார்த்த தசமம் மூன்றாம் மாடியிலிருந்து ஒரே மூச்சில் இறங்கி வந்தார்.

“பூஜ்யத்துக்கு முன்னாடி மைனஸா? ஒண்ணுமே இல்லாதவன்கிட்ட இருந்து இன்னும் எதைப் பிடுங்கப் போறீங்க?”

ஊழியர்கள் கூடிவிட்டார்கள். அன்று மதியமே உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. எல்லாப் பவரும் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கத்தோடு, உள்ளது உள்ளபடி அச்சாகலாம் என்று ஆயிற்று. அந்த அலுவலகத்தில் உருப்படியாக நடந்த ஒரே காரியம் பூஜ்யத்தின் மானத்தை முன்னிட்டு நடந்தது.

கடைசியில் அவளுடைய மூன்று வரியை ஓட்டுவதற்கு ஒரு நாள் குறித்தார்கள். இனிஷியல் பெயர்ப் பட்டியலை மூடி முத்திரையிட்ட உறையில் கொண்டுவந்து தானே கம்ப்யூட்டரில் ஏற்றினார். தசமம் எண் பட்டியலை ஏற்றினார். இயக்குநர் பட்டனைத் தட்டினார். பைத்தான் ஒரு பெயர், ஒரு எண், ஒரு பெயர், ஒரு எண் என்று ஜிப் மாட்டுவதுபோல் கோத்துக்கொண்டே போய், கண் மூடித் திறப்பதற்குள் இருநூற்றுப் பன்னிரண்டு வரியை அச்சிட்டு முடித்தது. எல்லாரும் கைதட்டினார்கள். ஒரு பிழையும் வரவில்லை.

அவள் கடைசித் தாளை எடுத்துப் பார்த்தாள். அதில் அவள் கணவர் பெயர் இல்லை. அவருக்கு முந்தின ஆளான தபால்காரரின் பெயர் இருந்தது. பக்கத்தில் மைனஸ் இரண்டு புள்ளி ஐந்து பூஜ்யம். முதல் தாளை எடுத்தாள். டோக்கன் எண் ஒன்று: இயக்குநர்.

“சார், இதுல உங்க பேர் எப்படி வந்துச்சு? உங்களுக்குக் கண்ணு நல்லாத்தானே தெரியுது?”

“இயக்குநர் பேர் முதல்ல இல்லாத பட்டியல் இந்த ஆபீஸ்ல கிடையாதும்மா” என்று இனிஷியல் பதில் சொன்னார். “வருகைப் பட்டியல், விடுமுறைப் பட்டியல், பழுதான மின்விசிறிப் பட்டியல், எதை எடுத்தாலும் சார் பேர்தான் முதல்ல. அது மரபு.”

“அப்ப பெயர் இருநூத்திப் பதிமூணு, எண் இருநூத்திப் பன்னெண்டு. எல்லாம் ஒரு படி தள்ளிப் போச்சு சார். முதல் ஆளோட பவர் உங்களுக்கு, ரெண்டாம் ஆளோடது முதல் ஆளுக்கு. கடைசி ஆளுக்கு ஒண்ணுமே இல்ல.”

“மெஷின் ஏதாவது சொல்லுச்சா?” என்று இயக்குநர் கேட்டார்.

“இது சொல்லாது சார். எந்தப் பட்டியல் முதல்ல தீருதோ அங்கயே பேசாம நின்னுடும்.”

“அன்னைக்கு முடியாதுன்னு வாயைத் திறந்து சொன்ன மெஷின், இன்னைக்குப் பேசாம இருக்குன்னா சம்மதம்னுதானே அர்த்தம்? நாம அப்படித்தானே சான்றிதழ்ல எழுதியிருக்கோம்?”

இரண்டு பட்டியலும் ஒரே அளவு இருந்தே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்த ஒரு சொல் உண்டு. அதைச் சேர்த்திருந்தால் மெஷின் கத்தியிருக்கும். அதைச் சேர்க்காமல் விட்டது தன் தப்புதான் என்று அவள் ஒப்புக்கொண்டாள். மறுபடி ஓட்டலாம் என்று கெஞ்சினாள். மறுபடி ஓட்ட இணைப்புக் குழு கூட வேண்டும், குழு அடுத்த வருடம்தான் கூடும் என்றார்கள். தாள்கள் பட்டறைக்குப் போய்விட்டன.

வீட்டில் அவள் விஷயத்தைச் சொன்னபோது கணவர், “சரி விடு. அந்தப் பதினெட்டாம் நம்பர் பஸ் என் கைபட்டுப் பளபளன்னு ஆயிடுச்சு” என்றார். அது பதினெட்டாம் நம்பர் பஸ் இல்லை. அவள் அதைச் சொல்லவில்லை.

வழங்கும் விழா அன்று வரிசை அலுவலக முற்றத்தில் ஆரம்பித்து, வாசலைத் தாண்டி, தெருவில் பாதி தூரம் போயிருந்தது. எல்லாரும் டோக்கன் வரிசையில் நின்றார்கள். அவள் கணவருக்கு டோக்கன் இல்லை. ஆனாலும் அவரைக் கூட்டிவந்து தபால்காரருக்குப் பின்னால் நிறுத்தியிருந்தாள். உறைகள் கொடுக்கப்பட்டன. இயக்குநர் தன் உறையை முதலில் பிரித்து, மூக்கின்மேல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேடையேறினார். அது மைனஸ் நாலரை. எதிரில் இருந்த கூட்டம் அவருக்குக் குட்டி குட்டியாகக் கலங்கித் தெரிந்தது. எழுதிவைத்த உரையைப் பிரித்தார். ஓர் எழுத்து தெரியவில்லை. கழற்றினால் திட்டத்துக்கு அவமானம். மேடைத் தூணுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, மனதில் தோன்றியதைப் பேசினார்.

“பெரியோர்களே. பார்வை என்பது முக்கியம் என்று சொல்கிறார்கள். எனக்குத் தெரியாது. நான் முப்பது வருடமாகக் கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றையும் படித்ததில்லை. படித்தால் கையெழுத்துப் போட மனசு வராது. இந்தக் கண்ணாடி போட்ட பிறகு எனக்கு எதுவும் தெரியவில்லை. ஆனால் இதற்கு முன்னால் இருந்ததற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருப்பதாகவும் எனக்குத் தோன்றவில்லை. எல்லாப் பயனாளிகளுக்கும் இதே அனுபவம் கிடைத்திருக்கும் என்று நம்புகிறேன்.”

கிடைத்துத்தான் இருந்தது. வரிசையில் ஒருவர் மரத்தில் இடித்துக்கொண்டார். ஒரு வாத்தியார் தன் கைக்கடிகாரத்தை ஒரு முழம் தள்ளி, பிறகு மூக்கருகில் வைத்து, கடைசியில் காதில் வைத்துப் பார்த்தார். முணுமுணுப்பு கூச்சலாக மாறியது.

அவள் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு மேலே ஏறினாள்.

“கொஞ்சம் கேளுங்க. கண்ணாடி எல்லாம் சரியாத்தான் செஞ்சிருக்காங்க. ஆள்தான் ஒண்ணு தள்ளிப் போச்சு. உங்க கையில இருக்கிறது உங்களுக்குப் பின்னாடி நிக்கிறவங்களோடது. யாரும் இடத்தை விட்டு நகராதீங்க. ஆளுக்கு ஒண்ணு பின்னாடி கொடுத்துடுங்க.”

வரிசை யோசித்தது. டோக்கன் எண் இரண்டில் நின்றவர் ஒரு தையல்கார அம்மா. துணியை மூக்கில் உரசிக்கொண்டு தைக்கிறவர். கையிலிருந்த கண்ணாடியைப் பின்னால் நின்ற முடிதிருத்துபவரிடம் கொடுத்துவிட்டு, தட்டுத்தடுமாறி மேடையேறினார்.

“சார், நீங்க போட்டிருக்கிறது என்னோடது. கொஞ்சம் குனிங்க.”

இயக்குநருக்கு யார் பேசுவது என்று தெரியவில்லை. யாரோ மேலதிகாரி என்று நினைத்துக் குனிந்துவிட்டார். அந்த அம்மா கண்ணாடியை லாகவமாகக் கழற்றித் தன் முகத்தில் மாட்டி, சுற்றிலும் ஒரு முறை பார்த்தார். இயக்குநரின் சட்டையைத் தொட்டு, “தோள்ல தையல் விட்டிருக்கு” என்றார்.

அவ்வளவுதான். முடிதிருத்துபவர் தன் கையில் இருந்ததைப் பின்னால் கொடுத்தார். அவருக்குப் பின்னால் இருந்தவர் அடுத்தவருக்கு. கண்ணாடிகள் கைமாறிக் கைமாறி முற்றத்தைக் கடந்து, வாசலைக் கடந்து தெருவுக்குப் போயின. போகிற வழியெல்லாம் ‘அட’ ‘அட’ என்று மெல்லிய சத்தம் கேட்டது. அவள் ஸ்டூலை விட்டு இறங்கி அந்தச் சத்தத்துக்கு முன்னால் ஓடினாள்.

தபால்காரர் தன் கையில் இருந்த மைனஸ் இரண்டரையை அவள் கணவரிடம் நீட்டினார். அவர் அதை மாட்டிக்கொண்டு தெருமுனையைப் பார்த்தார், எதிர்க் கட்டிடத்தைப் பார்த்தார், கடைசியில் அவளைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“என்ன?” என்றாள்.

“ஒண்ணுமில்ல. நீ அழுதா மூக்கு சிவக்குமா? இத்தனை மாசமா எனக்குத் தெரியவே இல்ல.”

மறுவாரம் அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தார். அத்தையை நேரில் போய்ப் பார்த்து, மழைக்கோட்டு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, மன்னிப்பும் கேட்டுவிட்டு வந்தார்.

துறையில் அந்த விழா மாபெரும் வெற்றி என்று அறிக்கை எழுதினார்கள். பயனாளிகள் ஒருவருக்கொருவர் உதவிக்கொண்ட காட்சி படத்தோடு சுவரில் மாட்டப்பட்டது. அடுத்த தவணைகளிலும் கண்ணாடிகளை ஒருவர் தள்ளியே வழங்க வேண்டும், இது சமூக ஒற்றுமையை வளர்க்கிறது என்று இயக்குநர் சுற்றறிக்கை விட்டார். அதைப் பார்த்துத் துணை இயக்குநர், தன் பெயரும் பட்டியலில் இருந்தால் ஒற்றுமை இரண்டு மடங்காகும் என்றார். இரண்டாம் தவணைக்கான முந்நூறு பெயருக்கு மேலே ஏழு அதிகாரிகளின் பெயர் உட்கார்ந்திருந்தது. தசமம் மட்டும் தன் பெயரைச் சேர்க்க விடவில்லை. எண் பிரிவுக்காரன் பெயர்ப் பட்டியலில் போவதா என்று கேட்டுவிட்டார்.

அவள் பட்டியலைப் பார்த்தாள். இனி ஏழு பேர் தள்ளிக் கொடுக்கச் சொல்லி எந்த ஸ்டூலில் ஏறி நிற்பது? பெயர்ப் பட்டியலை எட்டாவது பெயரிலிருந்து படி என்று பைத்தானுக்குச் சொன்னாள். சதுர அடைப்புக்குள் ஓர் எண்ணும் இரண்டு புள்ளியும், அவ்வளவுதான். இந்தத் தடவை, அளவு ஒத்துப்போகாவிட்டால் கத்து என்றும் சேர்த்தாள். மெஷின் கத்தவில்லை. முந்நூறு பேரும் வந்தார்கள், உறையை வாங்கினார்கள், மாட்டிப் பார்த்தார்கள், வீட்டுக்குப் போனார்கள். முற்பகலிலேயே முற்றம் காலியாகிவிட்டது. படம் எடுக்க வந்தவர் எதை எடுப்பது என்று தெரியாமல் மரத்தை எடுத்துக்கொண்டு போனார்.

மூன்றாம் நாள் அவளுக்கு மெமோ வந்தது. நான்கு பக்கம். ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது என்று கடைசிப் பக்கத்தில் இருந்தது.

அன்று மாலை டியூட்டி முடிந்து வந்த கணவர் அதைக் கையில் வாங்கினார். நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, அவளுக்குக் கேட்கும்படி வாய்விட்டுப் படித்தார்.

“‘முந்நூறு பயனாளிகளில் ஒருவரிடமிருந்தும் இதுவரை புகார் வரவில்லை. இந்நிலை எவ்வாறு ஏற்பட்டது, இதற்குப் பொறுப்பானவர் யார், இனி இவ்வாறு நேராமல் தடுக்கத் தாங்கள் எடுக்கவுள்ள நடவடிக்கை என்ன என்பதை ஏழு நாட்களுக்குள் தெரிவிக்கவும்.’”

ஒரு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மாட்டிக்கொண்டு இன்னொரு முறை படித்தார்.

“எழுத்தெல்லாம் பளிச்சுன்னு தெரியுது” என்றார். “விஷயம்தான் தெரிய மாட்டேங்குது.”